மீட்டரில் 140, ஜிபிஎஸில் 125: எதை நம்புவது?

பத்து காவான் பையன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. என்னிடம் யமஹா ஒய்15 என்ற 150 சிசி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இன்ஜினில் கை வைக்கவில்லை, சைலன்சர்கூட வாங்கும்போது வந்ததுதான். முன் டயரை மட்டும் 90/80இலிருந்து 70/80க்கு மாற்றினேன். மெலிதாக இருந்தால் பார்க்க அழகு.

போன வாரம் விடியற்காலையில், இங்கே மலேசியாவின் பினாங்கில், ஜூருவைத் தாண்டியதும் நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. கைப்பிடியை முழுதாக முறுக்கிவிட்டுத் தொட்டியோடு ஒட்டிப் படுத்தேன். மீட்டர் 140 காட்டியது. சட்டைப் பையில் இருந்த கைப்பேசியின் ஜிபிஎஸ் பதிவைப் பிறகு எடுத்துப் பார்த்தால் 125தான். நண்பர்களிடம் 140 என்று சொல்லி முடித்திருந்தேன். இப்போது மாமாக் கடையில் தே தாரிக் தேநீர் கேட்டாலே "125 வந்துவிட்டான்" என்று சிரிக்கிறார்கள்.

எது உண்மை? 150ஐத் தொட ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றினால் போதும் என்கிறார்களே, சரியா? பினாங்கின் இரண்டாவது பாலம் நள்ளிரவில் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே சோதித்துப் பார்க்கலாமா?

செந்தூல் பட்டறை

தம்பி, மீட்டர் பொய்தான் சொல்கிறது. ஆனால் சட்டம் அனுமதித்த பொய். வாகனங்களின் வேகமானிக்கு ஐ.நா.வின் 39ஆம் விதி என்று ஒன்று உண்டு. உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பதே அதன் சாரம். மோட்டாருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேலேயும் சற்று இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் தயாரிப்பாளர்கள் எல்லாரும் கொஞ்சம் மேலே தள்ளியே வைப்பார்கள். குறைத்துக் காட்டினால் வழக்கு அவர்கள் மேல் வரும், கூட்டிக் காட்டினால் உன்னைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி.

உன் விஷயத்தில் இன்னொரு கோளாறும் சேர்ந்திருக்கலாம். 90/80 டயர் இருந்தபோது முன் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 576 மில்லிமீட்டர். 70/80 மாட்டினால் 544. மீட்டர் முன் சக்கரத்தின் சுற்றை எண்ணிக் கணக்குப் போடும் வகையாக இருந்தால், சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், மீட்டரும் ஆறு விழுக்காடு போல ஏறும். 140இல் அதைக் கழித்தால் 132. தயாரிப்பாளர் வைத்த மிகையைக் கழித்தால் 125 பக்கம் வந்து நிற்கும். உன் கைப்பேசி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஜிபிஎஸும் எல்லா நேரத்திலும் சரி என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரே வேகத்தில் சில நொடிகள் நிலையாகப் போனால்தான் அதன் எண் நம்பத்தக்கது. எட்டிப் பிடித்து உடனே விட்டுவிட்டால் அது பின்தங்கியே காட்டும்.

ஸ்ப்ராக்கெட் பற்றி மாலையில் எழுதுகிறேன். வாசலில் ஒருவர் செயினைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

டாப் கியர் தம்பி

ஒய்15 வைத்துக்கொண்டு 125ஆ? என் நண்பனின் யமஹா எல்சி135இல் 65 பிளாக் போட்டிருக்கிறோம், அதாவது 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய சிலிண்டர். 190 ஓடும். நானே பின்னால் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தேன்.

கெலுகோர் கணக்கன்

பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு 190. முன்னால் யாராவது கயிறு கட்டி இழுத்தார்களா?

டாப் கியர் தம்பி

சிரிக்காதீர்கள் ஐயா. வந்து பாருங்கள்.

கெலுகோர் கணக்கன்

வர வேண்டியதில்லை, காகிதத்திலேயே பார்த்துவிடலாம். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன், இதை இப்படியே விட்டுவிட மனம் வராது.

80ஐத் தாண்டினால் மோட்டாரின் பெரிய எதிரி காற்று. எடை அதற்கு அடுத்ததுதான். காற்று தள்ளும் விசை வேகத்தின் இருபடியாக ஏறும். அந்த விசையை எதிர்த்து ஓட இன்ஜின் தர வேண்டிய திறன் முப்படியாக ஏறும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட வேண்டுமானால் திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். வேகம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் எட்டு மடங்கு திறன்.

ஒய்15 தரும் திறன் சுமார் 15 குதிரை. அதை வைத்துக்கொண்டு ஒருவன் படுத்து ஓட்டினால் 120, 125 என்பது கணக்குக்குப் பொருந்தி வருகிறது. அதே உடல், அதே மோட்டார், 150 வேண்டும் என்றால் 26 குதிரை தேவை. அதற்கு ஸ்ப்ராக்கெட் உதவாது தம்பி, அதற்கு 250 சிசி என்று பெயர். 250 சிசி வரைக்குமான பி2 உரிமத்திலேயே ஓட்டலாம்.

இப்போது 190க்கு வருவோம். அதே கணக்கில் ஐம்பது குதிரைக்கு மேல் வேண்டும். எல்சியின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 58.7 மில்லிமீட்டர், 65 பிளாக் போட்டால் ஏறத்தாழ 195 சிசி. அதிலிருந்து ஐம்பது குதிரையை எடுத்து, பின்னால் ஒருவரை உட்கார வைத்து, சாலையில் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர் இருந்தால் நான் அவரிடம் மாணவனாகச் சேர்கிறேன். பதிவு அட்டையில் 135 என்று இருக்க, உள்ளே 195 ஓடுகிறது என்பதைக் காப்புறுதி நிறுவனம் எப்போது கண்டுபிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? பணம் கேட்டுப் போகும் நாளில்தான்.

டாப் கியர் தம்பி

சரி, 190 இல்லை, மீட்டரில் 170 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெலுகோர் கணக்கன்

இப்படியே இன்னும் இரண்டு பதிவு போட்டால் உண்மைக்கு வந்துவிடுவீர்கள்.

செந்தூல் பட்டறை

ஸ்ப்ராக்கெட் கதை. முன்னால் 14 பல் இருந்ததை 15 ஆக்குவார்கள், அல்லது பின்னால் இரண்டு பல்லைக் குறைப்பார்கள். காகிதத்தில், அதே இன்ஜின் சுற்றுக்குச் சக்கரம் வேகமாகச் சுழலும். சாலையில் நடப்பது வேறு. கடைசி கியரில் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். 8,500 சுற்றில் கிடைக்க வேண்டிய முழுத் திறனை எட்டவே எட்டாது, 7,500இலேயே காற்று அதை நிறுத்திவிடும். முன்பு ஐந்தாவது கியரில் ஓடிய வேகத்தைவிடக் குறைவாகத்தான் வரும். சில பேர் மாற்றிவிட்டு வந்து, "அண்ணே, நான்காவது கியரில் வேகமாகப் போகிறது, ஐந்தாவது போட்டால் இறங்குகிறது" என்பார்கள். பல்லைத் திரும்ப மாற்றிக் கொடுத்து இரண்டாவது முறையும் காசு வாங்குவேன். எனக்கு நட்டமில்லை.

நிறுவனம் கொடுத்த பல்லைவிட நல்ல பல்லைப் பட்டறையில் ஊகித்துவிடலாம் என்று நம்புகிறவர்களை எனக்குப் பிடிக்கும், வாடிக்கையாளர்களாக.

செயின் இறுக்கத்தையும் டயர் காற்றையும் பார். பிரேக் பட்டை டிஸ்கில் உரசிக்கொண்டே இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார். காணாமல் போன மூன்று நான்கு கிலோமீட்டர் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் அச்சிட்டிருக்கும். அந்த எழுத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. எல் (L) என்றால் 120 வரைக்கும்தான் அந்த டயர் பொறுப்பு. பி (P) என்றால் 150, எஸ் (S) என்றால் 180, எச் (H) என்றால் 210. உன் மெலிந்த டயரில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுது.

பத்து காவான் பையன்

பார்த்தேன் அண்ணே. எல்.

செந்தூல் பட்டறை

அழகாகத்தான் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் இரண்டு ஸ்ட்ரோக்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முறுக்கினால் போதும், கணினி பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. எங்கள் காலத்தில் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரை உச்ச வேகத்தில் ஓட்டுகிறவனின் இடது கையைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். இரண்டு விரல் எப்போதும் கிளட்சின் மேல் கிடக்கும்.

ஏன் என்றால், முழு முறுக்கில் நெடுநேரம் ஓடும்போது கலவையில் பெட்ரோல் சற்றே குறைந்தாலும் பிஸ்டன் சூடேறி உப்பும். எண்ணெய்ப் படலம் அறுந்ததும் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஜாம் என்போம். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு நொடி முன்னால் ஓர் அறிகுறி வரும். யாரோ பின்னாலிருந்து லேசாக இழுத்துப் பிடித்தது போல மோட்டார் தளரும், சத்தம் வறண்டு போகும். அந்தத் தளர்ச்சியை உட்காருமிடம் உணர்ந்த கணத்திலேயே விரல் கிளட்சை இழுத்திருக்க வேண்டும். மூளைக்குச் செய்தி போய் வரக் காத்திருந்தவர்கள் சாலையில் உருண்டார்கள்.

நிறுத்திய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். காப்பிப் பழுப்பாக இருந்தால் நிம்மதி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு எண் ஏற்ற வேண்டும்.

வேகம் என்று சொன்னால் எனக்கு இந்தப் பிளக்கின் நிறம்தான் ஞாபகம் வருகிறது, மீட்டரின் எண் அல்ல. சரி, கிழவன் கதை போதும்.

இரவுச் சோறு

நான் உணவு விநியோகம் செய்பவன், பெட்டாலிங் ஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் என் பாதி வாழ்க்கை கழிகிறது. 1970களில் மோட்டாருக்கென்றே தனியாகக் கட்டிய தடம், அப்போது இதைப் பார்த்து வியந்திருப்பார்கள். இப்போது அதில் 100 போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பு.

வெயிலில் போய்க்கொண்டிருப்பீர்கள், திடீரென்று சுரங்கவழி வரும். கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் உள்ளே வளைவு. மழைக்குப் பிறகு அதன் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், தண்ணீருக்கடியில் குழி இருக்கிறதா என்று தெரியாது. மாலை மழை பிடித்தால் பாலத்துக்கு அடியில் இருபது முப்பது பேர் மோட்டாரை நிறுத்திவிட்டு மழைச்சட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள், பாதித் தடம் போய்விடும். அந்தக் கூட்டத்துக்குள் 90இல் நுழைந்து, ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் கூடையில் சூப் இருக்கும். என் உச்ச வேகத்தை அந்த மூடி தீர்மானிக்கிறது.

கெலுகோர் கணக்கன்

இரண்டாவது பாலத்தைப் பற்றிக் கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

24 கிலோமீட்டர், அதில் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல், 2014இல் திறந்தது. படத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும். உண்மையில் அது மெல்ல வளைந்து வளைந்து போகிறது. 70இல் போகிறவனுக்கு அந்த வளைவு தெரியாது. காற்றுக்குத் தடுப்பாக ஒரு மரம்கூடக் கிடையாது. லோரிக்குப் பக்கத்தில் போகும்வரை காற்று வராது, லோரியைத் தாண்டிய கணம் பக்கவாட்டில் அறையும். பாலத்தின் தளத் துண்டுகள் சேரும் இடத்தில் இரும்புப் பட்டைகள் குறுக்கே ஓடும், மழை நனைத்திருந்தால் அதன் மேல் சாய்ந்து போகும் டயரைக் கேட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் அங்கே கார்களுக்கே வேக வரம்பு 80தான்.

இருட்டைப் பற்றியும் கொஞ்சம் கணக்கு. சாதாரண விளக்கின் தாழ் ஒளி ஐம்பது மீட்டர் அளவுக்குத்தான் சாலையைக் காட்டும். 80இல் போகிறவர் தடையைக் கண்டு, ஒரு நொடியில் கை பிரேக்குக்குப் போய், நல்ல தார்ச் சாலையில் நின்று முடிக்க ஏறத்தாழ 57 மீட்டர். வெளிச்சத்தின் விளிம்பில் எப்படியோ சமாளிக்கலாம். 125இல் 120 மீட்டருக்கு மேல் ஆகும். அதாவது விளக்கு காட்டாத எழுபது மீட்டரில் எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில் போகிறார். கடல் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தால் பட்டர்வொர்த்தில் பெர்ரியில் ஏறுங்கள், இப்போது அதில் கார்களுக்கு இடமில்லை, மோட்டாருக்கு உண்டு.

டாப் கியர் தம்பி

துருக்கியில் ஒருவர் பாலத்தின் மேலேயே 400 ஓட்டினாரே? காணொளி எல்லாரும் பார்த்ததுதான். அங்கே முடியும், இங்கே முடியாதா?

வளைவு 15

அவர் கெனான் சோஃபுவோலு. உலக சூப்பர்ஸ்போர்ட் பட்டத்தைப் பலமுறை வென்றவர். 2016 ஜூன் 30, ஒஸ்மான் காஸி பாலம், கவாசாகி நிஞ்ஜா எச்2ஆர், நின்ற இடத்திலிருந்து 26 நொடியில் 400. பாலம் பொதுமக்களுக்குத் திறக்காத நேரத்தில், ஒரு வண்டிகூட இல்லாமல், அதற்கென்றே தயாரித்த டயரோடு ஓட்டியது. அந்த மோட்டாருக்குச் சாலையில் ஓடும் உரிமமே கிடையாது, பந்தயத் தடத்துக்கு மட்டும் விற்பார்கள். சாலையில் விற்கும் மோட்டார்களுக்கு 300தான் எல்லை. 1999இல் ஹயாபூசா 310ஐத் தாண்டியதும் ஐரோப்பாவில் தடை வந்துவிடுமோ என்ற பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் கைகுலுக்கிக்கொண்டு 300இல் கட்டுப்போட்டார்கள். எழுதி வைத்த சட்டம் அல்ல, மரியாதைக்காக வைத்த எல்லை.

பினாங்குப் பாலத்தை உங்களுக்காக மூடச் சொல்லி முதலமைச்சருக்குக் கடிதம் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

டாப் கியர் தம்பி

எல்லாரும் பாடம் நடத்துகிறீர்கள். நாங்கள் எங்கே போய் ஓட்டுவது? பினாங்கிலிருந்து செப்பாங் பந்தயத் தடம் சுமார் 400 கிலோமீட்டர். கட்டணம், தோல் உடை, பெட்ரோல், ஒரு நாள் சம்பளம். ஜெலுத்தோங் நெடுஞ்சாலை வாசலிலேயே இருக்கிறது. ரெம்பிட், அதாவது தெருவில் பந்தயம் ஓட்டுகிறவன், என்று பெயர் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பிரிக்பீல்ட்ஸ் இரண்டு ஸ்ட்ரோக்

இந்தப் பையன் இதுவரை சொன்னதிலேயே நியாயமான பேச்சு இதுதான். வடக்கே ஒரு நல்ல தடம் இல்லை என்பது உண்மை. பந்து விளையாடத் திடல் கேட்டால் கொடுப்பார்கள், மோட்டார் ஓட்ட இடம் கேட்டால் போலீஸில் சொல்லிவிடுவார்கள். 1994இலிருந்து கப் பிரிக்ஸ் பந்தயம் நடக்கிறது, அதில் ஓடுவதெல்லாம் கப்சாய் என்கிற சிறிய மோட்டார்தான். நம் நாட்டு ஹஃபிஸ் ஷாரின் 2018இல் உலகப் பந்தயமான மோட்டோஜிபி வரைக்கும் போனார். திறமை இந்த நாட்டில் இருக்கிறது, இடம்தான் தூரத்தில் இருக்கிறது.

ஆனாலும் தம்பி, ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவர் உங்கள் போட்டியில் பெயர் கொடுக்கவில்லை.

தாதி மல்லிகை

பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். தலையில் அடிபட்டு வருகிற பலரிடம் ஹெல்மெட் இருந்திருக்கும், மோட்டாரோடு சேர்த்துக் கொண்டுவந்திருப்பார்கள். தரத்துக்கான சிரிம் முத்திரைகூட இருக்கும். தாடைப் பட்டையின் பூட்டுதான் போட்டிருக்காது. கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், பட்டை புதிது போலவே இருக்கும், ஒரு மடிப்பு விழுந்திருக்காது. 60இல் விழுந்தாலும் அப்படிப்பட்ட ஹெல்மெட் தலைக்கு முன்னால் கழன்று ஓடிவிடும்.

இரவுப் பணி தொடங்குகிறது, வருகிறேன்.

இழைக் காவலர்

நினைவூட்டல்: போட்டிக்கு நாள், நேரம், இடம் குறிக்கும் பதிவுகளை நீக்குகிறோம். இரண்டு பதிவுகளை ஏற்கெனவே நீக்கியாயிற்று. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றியது, 2020இல் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள், சிறையும் உண்டு. இந்தத் தளம் அதற்குச் சாட்சியாக நிற்க விரும்பவில்லை.

பத்து காவான் பையன்

வளைவு 15 அக்கா, நீங்கள் செப்பாங்கில் ஓட்டியிருக்கிறீர்களா? அங்கே முழு முறுக்கு எப்படி இருக்கும்?

வளைவு 15

ஓட்டுகிறேன். 600 சிசி, பெரிய மோட்டாருக்கான பி முழு உரிமம். பந்தயக்காரி அல்ல, பொதுமக்களுக்கு விடும் நாட்களில் மட்டும். கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செப்பாங் 1999இல் திறந்த தடம், ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. நீண்ட நேர்ப்பாதைகள் இரண்டு, பார்வையாளர் மாடத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. 14ஆம் வளைவிலிருந்து வெளியே வந்ததும் முதலாவது, அதன் முடிவில் 15ஆம் வளைவு கொண்டை ஊசி மாதிரி திருப்பி இரண்டாவதில் விடும். என் பெயர் அங்கிருந்து வந்தது, ஏனென்றால் அந்த வளைவுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உச்ச வேகத்தில் எல்லாரும் எதிர்பார்ப்பது மீட்டரைப் பார்க்கும் இன்பம். அங்கே மீட்டரைப் பார்க்க நேரமில்லை. நெஞ்சு தொட்டியின் மேல், தாடை தொட்டியைத் தொடும் அளவுக்குக் கீழே, முழங்கை முழங்காலுக்குப் பக்கத்தில். கண்ணாடித் தடுப்புக்கு மேலே ஹெல்மெட் ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தாலும் காற்று அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கும், கழுத்து நரம்பு மறுநாள் சொல்லும். ஒரு முறை கண்ணின் ஓரத்தில் 240ஐத் தாண்டியதைப் பார்த்தேன், அதுவும் செந்தூல் அண்ணன் சொன்ன அந்தச் சட்டப்படியான பொய்யோடு சேர்த்து.

அந்த வேகத்தில் கைப்பிடியை இறுகப் பிடிக்கவே கூடாது. புதியவர்கள் பயத்தில் இறுகப் பிடிப்பார்கள், உடலின் சிறு அசைவெல்லாம் கைப்பிடி வழியாக முன் சக்கரத்துக்குப் போகும், கைப்பிடி இடமும் வலமும் உதறத் தொடங்கும். முழங்கால்களால் தொட்டியை நெருக்கிக்கொண்டு கையைத் தளர்த்தினால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இதை வாயால் சொல்வது எளிது, உதறும்போது தளர்த்துவதற்கு உடம்பைப் பழக்க வேண்டும்.

பிறகு 300, 200, 100 என்ற பலகைகள். வேகத்தின் உண்மையான சோதனை அங்கேதான். முறுக்குவதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பலகையில் நிமிர்ந்து, காற்றை நெஞ்சில் வாங்கி, பிரேக்கை முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் அழுத்தி, இரண்டு மூன்று கியர் இறக்கி, வளைவுக்குச் சரியான வேகத்தில் போய்ச் சேர்வது என்பதுதான் மொத்த வித்தை. என்னைவிடச் சிறிய மோட்டாரில் வந்த பையன்கள் அந்தப் பலகைகளுக்கு இடையில் என்னைத் தாண்டிப் போனார்கள். நேர்ப்பாதையில் நான் அவர்களைத் தாண்டியது மோட்டாரின் வேலை. வளைவில் அவர்கள் என்னைத் தாண்டியது அவர்களின் வேலை.

தவறினால்? ஓடுதளத்துக்கு வெளியே சரளைக்கல் மைதானம் போலக் கிடக்கிறது. எதிரே லோரி வராது, நாய் குறுக்கே ஓடாது, கொடியோடு ஆள் நிற்பார், ஆம்புலன்ஸ் இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருக்கும். அப்படி இருந்தும் அங்கேயே 2011இல் மோட்டோஜிபி வீரர் மார்கோ சிமோன்செல்லியை இழந்தோம். ஆகவே அது பாதுகாப்பான இடம் என்று சொல்லமாட்டேன். வேகத்துக்கென்று கட்டிய இடம், அவ்வளவுதான்.

கெலுகோர் கணக்கன்

"முறுக்குவதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை." இந்த வரியைப் பலகையில் எழுதி வகுப்பில் மாட்டியிருப்பேன்.

டாப் கியர் தம்பி

அக்கா, கப்சாய்க்கு அனுமதி உண்டா?

வளைவு 15

சிறிய மோட்டார்களுக்கென்று தனி நாட்கள் ஏற்பாடு செய்கிறார்கள். பெரிய மோட்டாரோடு ஒன்றாக விடமாட்டார்கள், வேக வித்தியாசம் ஆபத்து. பக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், விளக்குகளின் மேல் பசைநாடா ஒட்ட வேண்டும், எண்ணெய் ஒழுகக் கூடாது. முழுத் தோல் உடை, முதுகுக் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ். கிளம்புமுன் மோட்டாரைச் சோதித்துப் பார்ப்பார்கள். எல் எழுத்துப் போட்ட 70/80 டயரைச் சோதனை மேசையில் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

பத்து காவான் பையன்

டயர் அழகாக இருக்கிறது அக்கா.

செந்தூல் பட்டறை

செப்பாங்கில் படம் எடுக்கிறவர்கள் மோட்டாரின் பக்கவாட்டைத்தான் எடுப்பார்கள். 90/80 இருந்தால் சாய்ந்து திரும்பும் படம் கிடைக்கும். 70/80 இருந்தால் நிறுத்துமிடத்தில் நிற்கும் படம் கிடைக்கும். கழற்றிய பழைய டயர் இருக்கிறதா, இல்லை யாருக்காவது கொடுத்துவிட்டாயா?

பத்து காவான் பையன்

வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா அதில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கக் கூடும்.

இரவுச் சோறு

செடியை மாற்று, டயரை மாட்டாதே. வெயிலில் கிடந்த ரப்பர் ஓரத்தில் வெடித்திருக்கும். புதிது வாங்கு. தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாகப் பக்கவாட்டிலேயே இருக்கும், அதையும் படித்துவிட்டு வாங்கு.

டாப் கியர் தம்பி

நாங்கள் நான்கு பேர் வருகிறோம். எல்சியை லோரியில் ஏற்றிக்கொண்டு வரலாம், செலவைப் பிரித்துக்கொள்ளலாம். அக்கா, தோல் உடை வாடகைக்குக் கிடைக்குமா? என் உயரம் 168.

வளைவு 15

கிடைக்கும், முன்கூட்டியே அளவைச் சொல்லி வைக்க வேண்டும். மார்பும் இடுப்பும் அளந்து தனிச் செய்தியில் அனுப்புங்கள், உயரம் மட்டும் போதாது. தொளதொளவென்று இருந்தால் விழும்போது முழங்கால் காப்பு தொடைக்கு நகர்ந்துவிடும். கையுறையை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள், சொந்தமாக வாங்குங்கள். விரல் நுனியில் அரை அங்குலம் காலியாக இருந்தாலும் பிரேக் நெம்புகோலில் பிடி நிற்காது. அந்த 65 பிளாக்கைப் பதிவில் ஏற்றியாயிற்றா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லோரியில் ஏற்றித்தான் வரப்போகிறீர்கள் என்றாலும், ஏற்பாட்டாளர் பதிவு அட்டையைக் கேட்கக்கூடும்.

டாப் கியர் தம்பி

பிளாக்கைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட எவ்வளவு ஆகும் செந்தூல் அண்ணே?

செந்தூல் பட்டறை

பழைய பிஸ்டனும் பிளாக்கும் பத்திரமாக இருந்தால் கூலியும் கேஸ்கெட்டும் மட்டும். மோட்டாரைக் கொண்டு வா, திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும்.